சிவப்பு வேலை, பச்சைப் பேச்சு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பிறந்த அன்றைக்கே ஆஸ்பத்திரி மிஸ்ஸியோடு, அதான் நர்ஸோடு, சண்டைக்குப் போனவள் என்று எங்கம்மா சொல்வார். அதனாலேயே பேசாத ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது. மனசுக்குள் நம்மை எடை போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். அப்பேர்ப்பட்ட நான், என் வாழ்க்கையில் அதிகம் பேசிப் பழகிய ஆள் யார் என்று கேட்டால், நேரில் பத்து வாக்கியம்கூடப் பேசாத ஒரு மனிதரைத்தான் காட்டுவேன்.

பேர் வேண்டாம். போட்டால் எங்கிருந்தாவது இதைப் படித்துவிட்டு, பேருக்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி வைத்து எனக்கே திருப்பி அனுப்புவார். எல்லாரும் அவரைச் செயலாளர் என்றுதான் கூப்பிடுவார்கள். சுங்கைப் பட்டாணி, பாக்கார் ஆராங்கில் எங்கள் அச்சுக்கடைக்கு இரண்டு ரோடு தள்ளி இருக்கிற அம்மன் கோயிலுக்குப் பதினோரு வருஷமாகச் செயலாளர். சாப்பாட்டுக்கு வேலை கூலிமில், ஒரு எலக்ட்ரானிக் கம்பெனியில். வரிசையாக வருகிற சர்க்யூட் பலகைகளை பூதக்கண்ணாடியில் பார்த்து, எங்கே குறையோ அங்கே ஒரு குட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். இருபத்து நாலு வருஷம் ஒட்டியிருக்கிறார். என்ன குறை என்று எழுத வேண்டியதில்லை. அம்பைப் பார்த்தால் பழுது பார்க்கிறவர்களுக்குப் புரிந்துவிடும். ஒரு மனிதனுக்கு இப்படி ஒரு வேலை கொடுத்தால் அவன் எதற்காக வாயைத் திறக்கப் போகிறான்.

அந்தக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. சிறப்பு மலர் அச்சுப் போடும் வேலை எங்கள் கடைக்கு வந்தது. தொண்ணூற்றாறு பக்கம். பக்கங்களை வடிவமைக்கிற ஆள் நான்தான்.

அப்போது கடையில் என் நிலைமை சரியில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு மூன்று மாதம் முன்னால் ஒரு கல்யாண பேனரில் வேறு வீட்டு மாப்பிள்ளையின் படத்தை வைத்துவிட்டேன். பொண்ணு வீட்டார் அதை மண்டபத்து வாசலில்தான் முதல் தடவை பார்த்தார்கள். முதலாளி என்னைத் திட்டவில்லை. ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்து, "இன்னொரு தடவை இந்த மாதிரி ஏதாவது வந்துச்சுன்னா நீ வேற இடம் பாத்துக்க மா. நான் கத்தல்லாம் மாட்டேன்" என்றார். சுங்கைப் பட்டாணியில் தமிழில் பக்கம் போடுகிற வேலைக்கு வேற இடம் எங்கே இருக்கிறது? கூலிம் கம்பெனி பஸ்ஸில் ஏறி ஷிப்ட் வேலைக்குப் போக வேண்டியதுதான். எனக்கோ இந்த வேலை என்றால் உயிர்.

முதல் சுற்றுக்கு மலரைப் பேப்பரில் அடித்து, பிழை பார்க்கக் கொடுத்தோம். மூன்றாம் நாள் செயலாளர் வந்தார். மெலிந்த உடம்பு, கம்பெனி சட்டை, பையில் மூன்று பேனா. பேப்பர் கட்டை மேசையில் வைத்தார், தலையை ஆட்டினார், போய்விட்டார். பிரித்துப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு அம்பு ஸ்டிக்கர். அம்மை வந்த பிள்ளை மாதிரி இருந்தது மலர். ஒரு எழுத்து எழுதியிருக்கவில்லை.

போன் போட்டேன்.

"அண்ணே, பன்னிரண்டாம் பக்கத்துல அம்பு எதைக் காட்டுது?"

"ம்."

"மேல இருக்கிற பேரையா, கீழ இருக்கிற படத்தையா?"

"ஆமா."

"எதுண்ணே?"

"அதான்."

போனை வைத்துவிட்டுக் கணினியைப் பார்த்துக் கொஞ்ச நேரம் திட்டினேன். அப்புறம் வேறு வழியில்லாமல், அவர் அடுத்த தடவை வந்தபோது பிடித்து உட்கார வைத்து, பி.டி.எஃப். ஃபைலிலேயே திருத்தம் போடுவது எப்படி என்று காட்டினேன். இதோ இப்படி அழுத்தினால் ஒரு பலூன் வரும், அதற்குள் எழுதுங்கள். இது அடிக்கிற கருவி, இது நடுவில் சேர்க்கிற கருவி. நீங்கள் அனுப்பினால் என் லேஅவுட் சாஃப்ட்வேர் அந்தப் பலூன் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஓரத்தில் பட்டியலாக நிற்கும். ஒன்றை அழுத்தினால் நேரே அந்த இடத்துக்கே கூட்டிக்கொண்டு போகும். அடித்ததையும் சேர்த்ததையும் நான் ஒரே அழுத்தில் ஏற்றுக்கொள்ளலாம், வேண்டாமென்றால் தள்ளலாம். இவ்வளவும் சொன்னேன். அவர் "ம்" என்றார். சரி, வீணாய்ப் போன அரை மணி நேரம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஃபைல் வந்தது. திறந்தேன். முதல் பலூன்:

"வணக்கம் மா. அன்னைக்கு போன்ல சரியா பேச முடியல, மன்னிக்கவும். பன்னிரண்டாம் பக்க அம்பு பேருக்கு இல்ல, படத்துக்கும் இல்ல. அர்ச்சகர் கையில இருக்கிற தீபாராதனைத் தட்டைப் பாருங்க. தட்டுல கேமராக்காரரோட காடி சாவி இருக்கு."

பெரிதாக்கிப் பார்த்தேன். திருநீறுக்கும் குங்குமத்துக்கும் நடுவில், சத்தியமாய், ஒரு கார் சாவி.

அன்றிலிருந்து அந்த மனிதர் கொட்ட ஆரம்பித்தார். விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் ஏறினால் கூலிம் போய்ச் சேரும்வரை டேப்லெட்டில் திருத்தம்தான். ஒவ்வொரு பலூனிலும் நேரம் விழும். ஐந்து நாற்பது, ஐந்து நாற்பத்திரண்டு, ஐந்து நாற்பத்து நாலு. கோணல் மாணலாக ஒரு வட்டம் இருந்தால் பஸ் குழியில் இறங்கிய இடம் என்று எனக்கே தெரியும். திருத்தத்துக்கு நடுவில் பேச்சு. பஸ் டிரைவர் புதுசு, பிரேக் போட்டே எழுப்புகிறார். நீங்கள் போட்ட இந்தப் பார்டர் நல்லா இருக்கு, யார் மாற்றச் சொன்னாலும் மாற்றாதீர்கள். உங்க கடை எதிர்ல தே தாரிக் டீ போடுறவர் கண்ணாடி போடறதில்லை, அதான் சீனி கூடுது. நேரில் "ம்" தவிர எதுவும் தெரியாத ஆளா இது என்று எனக்குத் தலை சுற்றியது.

மற்ற நிர்வாகிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், அப்போதுதான் அவர் அருமை தெரியும். பொருளாளர் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். காடி ஓட்டிக்கொண்டே பேசுவார், நடுவில் ஹாரன் சத்தம்தான் தெளிவாகக் கேட்கும். தலைவர் ஸ்கிரீனை இன்னொரு போனில் படம் எடுத்து, அதில் விரலால் ஒரு கோழிமுட்டை வரைந்து அனுப்பிவிட்டு, "பாத்தியா?" என்று போன் போடுவார். எல்லாருக்கும் நடுவில் செயலாளர் ஒருவர்தான் ஒரு குறைக்கு ஒரு பலூன் என்று அச்சடித்த மாதிரி வைப்பார். நான் இங்கே சொடக்கு, சொடக்கு என்று ஏற்றுக்கொண்டே போவேன். நாலு மணி நேர வேலை நாற்பது நிமிஷத்தில் முடியும்.

ஒரே ஒரு தடவைதான் இடறியது. அவர் நடுவில் சேர்க்கிற கருவியை எடுத்து அதிலேயே பேச்சையும் எழுதிவிட்டார். நானும் பார்க்காமல் 'எல்லாம் ஏற்றுக்கொள்' என்று ஒரே அமுக்கு. அடுத்த சுற்றில் அன்னதான உபயக்காரர்கள் பக்கத்தில், ஒரு பெரிய மனுஷர் பேருக்கு அடுத்து, "இவர் வீட்டு சாம்பார் மட்டும் வேண்டாம் மா, போன திருவிழாவுக்கு அப்புறம் நான் ரெண்டு நாள் மெடிக்கல் லீவு" என்று அழகான எழுத்துருவில் உட்கார்ந்திருந்தது. நல்ல வேளை, முதலில் பார்த்தது அவரேதான். பலூன் வந்தது: "மா, இது என் வாய். உள்ள போயிடுச்சு. எடுத்துடுங்க."

அதற்கப்புறம் அவரே ஒரு சட்டம் போட்டார். சிவப்பு பலூன் என்றால் வேலை, பச்சை என்றால் பேச்சு. சிவப்பை மட்டும் ஏற்றுக்கொண்டால் போதும். இன்னொரு சட்டமும் உண்டு: ஃபைல் பேரை மாற்றக் கூடாது. கம்பெனியில் ஒரு பலகைக்கு ஒரு எண் கொடுத்தால் கடைசிவரை அதே எண்தானாம், மாற்றினால் எது எது என்று தெரியாமல் போய்விடுமாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டேன்.

ஒரு தடவை அட்டை மாதிரியைக் காட்ட அவர் வீட்டுக்கே போனேன். அவர் கதவைத் திறந்தார், சிரித்தார், உள்ளே போய் மனைவியை அனுப்பிவிட்டார். அந்த அக்கா எனக்கு மைலோ கலக்கிக்கொண்டே சொன்னார்.

"உங்ககிட்டயும் பேசல்லயா? எனக்குக் கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷம் லா. எங்க சண்டை எல்லாம் ஃபிரிட்ஜ் கதவுலதான். இவரு ஒரு சீட்டு ஒட்டுவாரு, நான் ஒரு சீட்டு ஒட்டுவேன். கொழம்புல உப்பு கூடிச்சுன்னா சட்டி மேல ஒரு அம்பு."

"கோவம் வராதாக்கா?"

"வரும். அம்பைப் பிய்ச்சு அவரு நெத்தியில ஒட்டிட்டு, திரும்ப அதே கொழம்பை ஊத்துவேன்."

நான் சிரித்து மைலோவைச் சிந்திவிட்டேன். உள்ளறையிலிருந்தும் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

பலூனுக்குக் கீழே பதில் எழுதலாம். வாய் நீளமுள்ளவளுக்கு இப்படி ஒரு வசதி கிடைத்தால் கேட்க வேண்டுமா. அவர் ஒன்று சொன்னால் நான் ரெண்டு சொல்வேன். என் பதில்களுக்கு மேல் 'பிசி டூ' என்று பேர் விழும். கணினி விற்றவர் வைத்த பேர், நான் மாற்றவில்லை. முதலாளிக்குக் கணினியில் தெரிந்தது சுவிட்ச் மட்டும்தான், அவரும் மாற்றவில்லை.

இப்போது தலைவர் படத்துக்கு வருகிறேன். மூன்றாம் பக்கத்தில் மேலே அம்மன் படம், கீழே தலைவரின் வாழ்த்துரையோடு அவர் படம். முதல் சுற்றில் அது பாஸ்போர்ட் படத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கோழிமுட்டை வரும், "இன்னும் கொஞ்சம் பெருசா" என்று. ஏழாவது சுற்றில் செயலாளர் பச்சை பலூன் வைத்தார்: "தலைவர் படம் வளர்ந்துக்கிட்டே வருது. நான் அளந்து பாத்தேன். அம்மனுக்கு இப்ப கால் விரல் தெரியல." அதற்குக் கீழே நான் எழுதினேன்: "இன்னும் ரெண்டு சுத்து போனா அம்மன் பக்கத்தை விட்டு எறங்கி பஸ் ஏறிடும். கும்பாபிஷேகம் யாருக்குன்னு அவரையேதான் கேக்கணும், அம்மனுக்கா அவருக்கா?"

எழுதிவிட்டு ரொம்ப ரசித்தேன். அதுதான் என் புத்தி.

ஒவ்வொரு சுற்றிலும் என்னிடமிருந்து இரண்டு ஃபைல் போகும். பலூன் உள்ளது செயலாளருக்கு. திருத்தி முடித்த சுத்தமான ஃபைல் நிர்வாகக் குழுவின் வாட்ஸ்ஆப்புக்கு. இரண்டுக்கும் ஒரே பேர். அன்றைக்கு மாற்றி அனுப்பிவிட்டேன். பொருளாளர் டேப்லெட்டில் திறந்து, இது என்ன பச்சையாய் இருக்கிறதென்று தட்டிப் பார்த்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை சாயங்கால பூஜை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் அவசரக் கூட்டம். முதலாளியையும் என்னையும் கூப்பிட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் எல்லாரும் வட்டமாக உட்கார, பொருளாளர் டேப்லெட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பலூனாக வாசித்தார். மகளிர் அணித் தலைவியின் படத்துக்கு: "இந்தப் படம் எடுத்த காலத்துல எனக்கும் தலை நிறைய முடி இருந்துச்சு." சிரிப்பு. அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பொருளாளருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அடுத்ததையும் உரக்க வாசித்துவிட்டார்: "பொருளாளர் தன்னைப் பத்திப் பதினாலு வரி எழுதியிருக்கார். அம்மனைப் பத்தி ஒண்ணரை." இந்தத் தடவை மகளிர் அணித் தலைவி சிரித்தார்.

செயலாளர் மூலையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்திருந்தார்.

மூன்றாம் பக்கம் வந்தது. பஸ் ஏறுகிற அம்மன் வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

தலைவர் நிதானமாகக் கேட்டார். "இதுல பேர் பிசி டூன்னு போட்டிருக்கே. யாரு இந்த பிசி டூ?"

என் வாய் எங்கே போனதென்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் முதலாளி இருக்கிறார். அந்தக் கோப்பி ஞாபகம் வந்தது. கூலிம் பஸ் ஞாபகம் வந்தது.

"நான்தான்" என்று ஒரு குரல் கேட்டது. நிறையப் பேர் திரும்பிப் பார்த்தார்கள், அது யார் குரல் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. செயலாளர் எழுந்து நின்றிருந்தார். "என் வீட்டுல ரெண்டாவது கம்ப்யூட்டர். அதுல எழுதினது. ஃபைல் பேரை மாத்தக் கூடாதுன்னு சொன்னதும் நான்தான், அதான் குழம்பிடுச்சு. அந்தப் பொண்ணு மேல தப்பில்ல."

அவ்வளவு நீளமாக அவர் பேசி அந்தக் கோயிலில் ஒருவரும் கேட்டதில்லை. காதெல்லாம் சிவந்து போய் நின்றார். நான் உட்கார்ந்தே இருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"அப்ப இன்னையிலேர்ந்து நீங்க செயலாளர் இல்ல" என்றார் தலைவர். கும்பாபிஷேகத்துக்கு மூன்று வாரம் இருந்தது.

ரெண்டு நாள் கழித்துத் தலைவரிடமிருந்து ஃபைல் வந்தது. கோழிமுட்டை இல்லை, போன் இல்லை. பி.டி.எஃப். ஃபைலிலேயே ஐந்தாம் பக்கம், நிர்வாகக் குழு பக்கத்தில், செயலாளர் படத்துக்கும் பேருக்கும் குறுக்கே சுத்தமாக ஒரு கோடு. அந்த மனிதர் திருத்தக் கருவியை ஒழுங்காக உபயோகித்தது அந்த ஒரு தடவைதான். சாஃப்ட்வேர் அதை உள்ளே இழுத்து, பட்டியலில் முதல் ஆளாக நிறுத்தியது. ஏற்றுக்கொள். தள்ளு. ஒரு அழுத்து போதும், பதினோரு வருஷம் போய்விடும். இவ்வளவு சுளுவாக இருக்கிறதே என்று அந்த சாஃப்ட்வேர் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

காலையிலிருந்து மத்தியானம் வரை அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவருக்குப் போன் போடலாம் என்று நாலு தடவை எடுத்தேன், நாலு தடவை வைத்தேன். கடைசியில் அவர் போட்ட கோட்டுக்குக் கீழே ஒரு பலூன் வைத்து எழுதினேன்: "ஐயா, பிசி டூ நான்தான். அம்மன் பஸ் ஏறும்னு எழுதினது நான். செயலாளர் அண்ணன் எனக்காகச் சொன்னார். இந்தத் திருத்தத்தை என்னால செய்ய முடியாது."

உடனே தலைவருக்கு அனுப்பவில்லை. செயலாளர் பார்க்காமல் நான் எதையும் தலைவருக்கு அனுப்பிப் பழக்கமில்லை. அவருக்குத்தான் முதலில் அனுப்பினேன்.

மறுநாள் காலையில் வந்தது. எல்லா இடத்திலும் வழக்கம்போலச் சிவப்பு. என் பலூனுக்குக் கீழே மட்டும் பச்சை: "மா, இதை எடுத்துடுங்க. செயலாளரா இருந்தா கும்பாபிஷேகத்துல நன்றியுரை நான்தான் பேசணும். பதினோரு வருஷமா ஒவ்வொரு திருவிழாவுக்கும் தொண்டை கட்டிருச்சுன்னு சொல்லித் தப்பிச்சுக்கிட்டு வரேன். இந்தத் தடவை ஆயிரம் பேர் வருவாங்க. இப்பதான் அம்மன் கண்ணைத் திறந்து காப்பாத்தியிருக்கா. கெடுத்துடாதீங்க."

படித்துச் சிரித்தேன். அப்புறம் ஓரத்தில் நேரத்தைப் பார்த்தேன். நாலாம் பக்கத்துப் பலூன் ஐந்து நாற்பத்து நாலு. இந்தப் பச்சை ஆறு பதினெட்டு. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு பலூன் வைக்கிற ஆள், அந்தக் குறுக்குக் கோட்டுக்கு முன்னால் அரை மணி நேரத்துக்கு மேல் சும்மா உட்கார்ந்து வந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அவர் அந்த மலருக்குப் போட்ட திருத்தங்களில் நான் தள்ளியது அது ஒன்றைத்தான். என் பலூன் இருந்தபடியே ஃபைலைத் தலைவருக்கு அனுப்பினேன்.

அன்று மத்தியானமே தலைவர் கடைக்கு வந்துவிட்டார். முதலாளி நாற்காலி எடுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"பஸ் ஏறும்னு எழுதினது நீயா?"

"ஆமாங்க ஐயா."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"என் படம் அவ்வளவு பெருசாவா இருக்கு?"

மூன்றாம் பக்கத்தைத் திறந்து வைத்தேன். மேசை டிராயரில், முதல் சுற்றுக் கட்டிலிருந்து உதிர்ந்த சிவப்பு அம்புகள் கொஞ்சம் கிடந்தன. ஒன்றை எடுத்து ஸ்கிரீனில், அம்மனுக்குக் கால் விரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டினேன்.

தலைவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"பாதியாக்கு" என்றார். வாசல்வரை போனவர் திரும்பினார். "இந்தப் பொண்ணு மலரை முடிக்கட்டும். அதுக்கப்புறம் கோயில் வேலைக்கு இவ வேணாம். அப்புறம் அவன்கிட்ட சொல்லிடு, செயலாளர் அவன்தான், நன்றியுரையும் அவன்தான். தொண்டை கட்டிச்சுன்னா நானே டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போவேன்."

முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. எனக்குக் கோப்பியும் வாங்கித் தரவில்லை. மலர் முடிந்த மறுநாள் பின்கட்டில் பேனர் வெட்டுகிற இடத்துக்கு மாற்றினார். ரெண்டு மாசம் கத்தரியும், பேனர் ஓரத்தில் அடிக்கிற வளையமுமாக இருந்தேன். அங்கே பேச்சுக்கு ஆள் இல்லை, வெட்டுகிற மிஷினோடு பேசினேன்.

கும்பாபிஷேகத்தன்று செயலாளர் மனைவிக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. கலசத்துக்கு நீர் ஊற்றியாயிற்று, வாழ்த்துரை எல்லாம் முடிந்தது, நன்றியுரைக்கு அவர் பேரைச் சொன்னார்கள். பட்டு வேட்டியில் மைக்குக்கு முன்னால் வந்து நின்றார். கையில் நாலு தாள். முதல் தாளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். மைக் ஒரு தடவை கீச்சிட்டது.

"நன்றி" என்றார். இறங்கிவிட்டார்.

அப்புறம் கைத்தட்டல் பந்தலைத் தூக்கியது. காலையிலிருந்து பசியோடு உட்கார்ந்திருந்த சனம் அப்படியே சாப்பாட்டுப் பந்திக்குப் பாய்ந்தது. தலைவர் மேடையில் வாயைத் திறந்தபடி நின்றார்.

"பரவால்ல" என்றார் அந்த அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எங்க கல்யாணத்துல அதுகூட சொல்லல."

மூன்றாம் நாள் எனக்கு ஒரு ஃபைல் வந்தது. அச்சான மலரின் பி.டி.எஃப். அதே பேர். திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் பச்சை பலூன். அந்த நாலு தாள் நன்றியுரையை அக்கு அக்காகப் பிரித்து, யார் யார் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்களோ அங்கங்கே ஒட்டியிருந்தார். மூன்றாம் பக்கம்: "தலைவருக்கு நன்றி. படம் அளவா இருக்கு. அம்மனுக்குக் கால் விரல் அஞ்சும் எண்ணிட்டேன்." எட்டாம் பக்கம்: "மகளிர் அணித் தலைவிக்கு நன்றி. நேர்ல பார்த்தேன், படத்துல இருக்கிற மாதிரியேதான் இருக்காங்க." அன்னதானப் பக்கம்: "சாம்பாருக்கு நன்றி. இந்தத் தடவை லீவு போடல." ஒலிபெருக்கிக்காரர், பந்தல்காரர், மோட்டர் சைக்கிள் நிறுத்துமிடத்தில் வெயிலில் நின்றவர்கள், ஒருவரையும் விடவில்லை. படித்துக்கொண்டே போனேன். என் பேர் எங்கும் வரவில்லை. சரி, வரவேண்டிய அவசியம் என்ன, நான் செய்தது அப்படி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும், உள்ளே சுருக்கென்றுதான் இருந்தது.

கடைசிப் பக்கம். அடியில் பொடி எழுத்தில் எங்கள் அச்சுக்கடையின் பேர். அங்கே ஒரு பலூன். அந்த ஃபைல் முழுக்க அது ஒன்றுதான் சிவப்பு.

"மா, இங்க கடை பேர் மட்டும்தான் இருக்கு. பக்கம் போட்டவங்க பேர் விட்டுப் போச்சு. சேர்க்கவும்."

ஆயிரம் பிரதி அச்சாகி, வீடு வீடாய்ப் போய்ச் சேர்ந்துவிட்ட புத்தகம் அது.

இதெல்லாம் நடந்து சில வருஷமாகிறது. அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மகளோடு கிள்ளான் பக்கம் போய்விட்டார். நான் பின்கட்டிலிருந்து என் கணினிக்குத் திரும்பிவிட்டேன். கணினியும் ரெண்டு தடவை மாறிவிட்டது. ஒவ்வொரு தடவையும் அந்த மலரை மட்டும் பத்திரமாகப் புதுசுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். திறந்தால் ஓரத்துப் பட்டியலில் ஒரே ஒரு திருத்தம் பாக்கி நிற்கும். தள்ள எனக்கு மனசில்லை. ஏற்றுக்கொண்டால் பட்டியலிலிருந்து மறைந்துவிடும்.